திடப்படுத்தல் வகுப்பில் திரித்துவம் நடத்துவது எப்படி: ‘யார்?’, ‘எது?’ என்ற இரண்டு கேள்விகள்

பேராயர் கை வைத்துத் திடப்படுத்தும் முன் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுப்பது திடப்படுத்தல் வகுப்பு. எங்கள் சேகரத்தில் அந்த வகுப்பை நான் எடுக்கத் தொடங்கி 19 வருடம் ஆகிறது. தேரிக்காட்டை ஒட்டிய ஊர். பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல. ஆராதனை முடிந்ததும் கோயிலின் பக்கத்து அறையில், ஒரு கரும்பலகையோடு, வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்காருவார்கள். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.

பத்துக் கட்டளையையும் கர்த்தருடைய ஜெபத்தையும் நடத்த எல்லாரும் முன்வருவார்கள். திரித்துவம், அதாவது ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராய் இருக்கிறார் என்ற பாடம் வந்ததும் புது ஆசிரியர்கள் பலர், “அது மனுஷ புத்திக்கு எட்டாத இரகசியம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டுத் திருவிருந்துப் பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். எட்டாது என்பது மெய்தான். ஆனாலும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை ஆதிச் சபை பாடுபட்டுத் தெளிவாக்கி வைத்திருக்கிறது. அந்தத் தெளிவு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் கைவரும். அதற்கு நான் கைக்கொள்ளும் வழியை, இந்த வருடம் முதன்முறையாக வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பிள்ளைகளின் ஜெபத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் வாரம் கரும்பலகைப் பக்கமே போக வேண்டாம். ஒரு பிள்ளையை எழுப்பி ஜெபிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே, உமக்கு நன்றி... இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் நல்ல பிதாவே, ஆமென்.” பிள்ளையைத் திருத்தாதீர்கள், உட்கார வைத்துவிட்டு எல்லாரையும் பொதுவாகக் கேளுங்கள்: சிலுவையில் மரித்தது யார்? பிதாவா? முடிக்கும்போது யாரிடம் கேட்டோம்? யார் மூலம் கேட்டோம்? ஒரே ஆளிடம், அதே ஆள் மூலமாகவே கேட்க முடியுமா?

வகுப்பு அமைதியாகிவிடும். சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் ஒரு வரிக்குள்ளேயே இருவர் இருப்பதை அப்போதுதான் கவனிக்கிறார்கள். பிறகு ரோமர் 8:26ஐ வாசிக்கச் சொல்லுங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதிருக்கையில் ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று வருகிறது. பிதாவை நோக்கி, குமாரன் மூலமாய், ஆவியானவரின் துணையோடு. பிள்ளை வாய் திறந்து ஜெபித்த நாளிலிருந்தே திரித்துவத்துக்குள்தான் நிற்கிறது; நாம் அதைக் காட்டிக்கொடுக்கிறோம், அவ்வளவே.

அடுத்து யோர்தான் நதி. மத்தேயு 3ஆம் அதிகாரம். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார். இந்தக் காட்சியைப் படமாக வரையச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பின்னால் வரும் பாதிச் சந்தேகங்களுக்கு அந்தப் படமே பதில்.

உவமைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

நான் வகுப்பெடுத்த முதல் வருடம் ஐஸ்கட்டி ஒரு டம்ளரில், தண்ணீர் ஒரு டம்ளரில், ஆவி பறக்கும் கெண்டி ஒன்று என்று கொண்டுபோனேன். மூன்றும் தண்ணீர்தானே, அதுபோலத்தான் என்றேன். பிள்ளைகளுக்கு வெகு சந்தோஷம். பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன் யோர்தான் படத்தை எடுத்துக் காட்டி, “ஐஸ் உருகுனாத்தானே டீச்சர் தண்ணி? அப்போ இயேசு தண்ணியில நிக்கும்போது மேல இருந்து பேசுனது யாரு?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி குருவானவரிடம் புத்தகம் வாங்கிப் படித்தபோதுதான் தெரிந்தது: 3ஆம் நூற்றாண்டில் ரோமில் சபெல்லியுஸ் என்பவர் போதித்ததும், சபை தள்ளியதும் இதையே. ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிறார் என்ற போதனை அது. அப்படியானால் கெத்செமனேயில் இயேசு தமக்குத்தாமே ஜெபித்தார் என்றாகும். சிலுவையில் மரித்தது பிதா என்றாகும்.

எதிர்ப்பக்கத்து உவமை ஒன்றும் உண்டு. அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் மனிதர், ஆனால் ஒரே குடும்பம் என்பது. இதில் ஆட்கள் மூவர் சரி, ஆனால் தேவர்களும் மூவராகிவிடுகிறார்கள். இதே கேள்வி 4ஆம் நூற்றாண்டில் நீசா என்ற ஊரின் பேராயர் கிரிகோரியிடம் வந்தது: பேதுரு, யாக்கோபு, யோவானை மூன்று மனிதர் என்கிறோமே, பிதா, குமாரன், ஆவியை ஏன் மூன்று தேவர்கள் என்பதில்லை? மூன்று மனிதர் மூன்று வேலைகளைத் தனித்தனியே செய்வார்கள். தேவனுடைய செயலோ ஒன்றே, பிதாவிலிருந்து தொடங்கிக் குமாரன் வழியாய் நடந்து ஆவியானவரில் நிறைவேறுகிறது என்று பதில் எழுதினார்.

இந்தப் பதிலை மனதில் வைத்திருங்கள். நம் ஊரில் பள்ளித் தோழர்கள் “உங்களுக்கும் மும்மூர்த்தி உண்டோ?” என்று கேட்கத்தான் செய்வார்கள். பிள்ளைகள் உடனே பிதா படைக்கிறார், குமாரன் மீட்கிறார், ஆவி நடத்துகிறார் என்று வேலையைப் பங்குபோட்டுச் சொல்லிவிடுவார்கள். அப்படிப் பங்குபோட முடியாது. ஆதியாகமம் 1இல் தேவன் படைக்கும்போது ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடுகிறார். சகலமும் வார்த்தையானவர், அதாவது குமாரன், மூலமாய் உண்டாயிற்று என்று யோவான் சொல்கிறார். படைப்பு ஒன்று, அதில் மூவரும் இருக்கிறார்கள். தோழர்களுடைய நம்பிக்கையைக் குறைத்துப் பேசாமல் இதை மட்டும் சொல்லப் பழக்குங்கள்.

சூரியன், கதிர், வெப்பம் என்ற உவமையை நான் முழுதாக ஒதுக்குவதில்லை. தெர்த்துல்லியன் போன்ற பழைய ஆசிரியர்களே சூரியனையும் கதிரையும் காட்டியிருக்கிறார்கள்; ‘ஜோதியில் ஜோதியானவர்’ என்று நாமும் ஆராதனையில் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். ஆனால் குமாரன் பிதாவிடமிருந்து வருகிறவர், பிதா இருந்த நேரமெல்லாம் இருக்கிறவர் என்ற ஒன்றைக் காட்ட மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள். கதிர் ஓர் ஆள் அல்ல. அதோடு நாம் பேச முடியாது.

கரும்பலகையில் எழுத வேண்டியது

இரண்டாம் வாரம் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. தமிழில் உயர்திணைக்கு யார், அஃறிணைக்கு எது. எந்தப் பிள்ளைக்கும் இந்த வேறுபாடு தெரியும். பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் மட்டும் எழுதுவேன்:

தேவன். எது? ஒன்று. யார்? மூவர்.

‘எது’ என்பது தன்மையைக் கேட்கிறது. தேவத்தன்மை ஒன்றே. ‘யார்’ என்பது ஆளைக் கேட்கிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஆள்தத்துவம் என்ற பெரிய சொல் பிறகு வரட்டும். ஒரே கேள்விக்கு ஒன்று என்றும் மூன்று என்றும் பதில் சொன்னால் அது முரண். கேள்வியே இரண்டு என்பதைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் ‘1 + 1 + 1 = 3 அல்லவா’ என்ற குழப்பம் போய்விடும்.

இதற்கு வேதத்திலிருந்து மூன்று இடம் காட்டுவேன். மத்தேயு 28:19இல் “பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே” என்று இருக்கிறது. நாமங்களிலே என்று இல்லை. யோவான் 10:30இல் “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்” என்று ஆண்டவர் சொல்கிறார். ‘ஒருவராயிருக்கிறோம்’ என்று சொல்லவில்லை. மூல கிரேக்கத்திலும் அது அஃறிணை ‘ஒன்று’தான். ‘இருக்கிறோம்’ என்ற பன்மை வினைமுற்றில் இருவர் இருக்கிறார்கள், ‘ஒன்று’ என்பதில் ஒரே தன்மை இருக்கிறது. நாலு சொல்லில் பாடம் முடிந்தது.

மூன்றாவது யோவான் 1:1. “அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது.” ‘இடத்தில்’ என்றால் இருவர் வேண்டும், என்னிடத்தில் நானே இருந்தேன் என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆய்’ என்றால் அதுவே. முதல் வசனத்தில் வார்த்தை ‘இருந்தது’ என்று அஃறிணையில் வருகிறது. இரண்டாம் வசனமே “அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்” என்று உயர்திணைக்கு மாறுகிறது. நம் வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் இந்த இடத்தில் ‘அது’வை விட்டு ‘அவர்’ எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஒரு வசனத்தின்மேல் மட்டும் பாரத்தை ஏற்றாதீர்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7 பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரைப் பற்றிப் பேசுகிறது. திரித்துவத்துக்கு இதைவிட வசதியான வசனம் இல்லை என்று தோன்றும். ஆனால் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் முதல் இரண்டு பதிப்புகளிலும், அதாவது 1516, 1519 பதிப்புகளில், அதைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். புதிய மொழிபெயர்ப்புகள் விட்டுவிடுகின்றன. திரித்துவம் இல்லை என்று வீட்டு வாசலில் வந்து வாதாடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த வசனத்தை மட்டும் நம்பி நிற்கும் பிள்ளை அன்றைக்கே தடுமாறும். அது இல்லாமலே நம் விசுவாசம் நிற்கிறது. 4ஆம் நூற்றாண்டில் நின்றதும் அப்படியே.

‘திரித்துவம் என்ற சொல்லே வேதத்தில் இல்லையே’ என்றும் கேட்பார்கள். இல்லைதான். சொல் பின்னால் வந்தது, காரியம் யோர்தானிலேயே இருந்தது என்று படத்தைக் காட்டுங்கள்.

பரிசுத்த ஆவியைப் பிள்ளைகள் ‘அது’ என்றே சொல்வார்கள். ஆவி என்ற சொல் அஃறிணை, அவர்கள்மேல் தப்பில்லை. “தேவனுடைய பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்” என்ற எபேசியர் 4:30ஐ வாசித்துவிட்டு, கரண்டைத் துக்கப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். அன்றிலிருந்து ‘ஆவியானவர்’ என்று தானாகச் சொல்வார்கள்.

நிசேயா: செய்ததும் பெற்றதும்

மூன்றாம் வாரம் வரலாறு. சுருக்கமாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரன் பிதாவால் உண்டாக்கப்பட்ட முதல் சிருஷ்டி, அவர் இல்லாதிருந்த காலம் உண்டு என்று போதித்தார். 325இல் கொன்ஸ்தந்தீன் பேரரசர் நிசேயாவில் பேராயர்களைக் கூட்டினார். இன்று அது துருக்கியில் இஸ்னிக் என்ற ஊர். அங்கே எழுதப்பட்ட வரியே நாம் சொல்லும் ‘சிருஷ்டிக்கப்படாமல் ஜெநிப்பிக்கப்பட்டவர், பிதாவோடே ஒரே தன்மையுடையவர்’ என்பது.

ஜெநிப்பித்தல் என்றால் பெறுதல். இதை விளக்கப் பனையோலைப் பெட்டி ஒன்று கொண்டுபோவேன். “உங்க ஆச்சி பெட்டியும் முடைஞ்சாங்க, உங்க அம்மாவையும் பெத்தாங்க. பெட்டிக்கு ஆச்சியோட தன்மை வருமா?” வராது. முடைந்தது ஓலை, பெற்றது தன் இனம். மனிதர் பெற்றது மனிதர். தேவன் பெற்றவர் தேவன். உடனே ஒரு பிள்ளை, ‘அப்பா முதலில், பிள்ளை பிறகுதானே’ என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள், ஆரியுஸ் நின்ற இடம் அதுதான். பிள்ளை பிறக்கும் நாளில்தான் ஒரு மனிதன் அப்பா ஆகிறான். அதுவரை அவன் அப்பா அல்ல. பிதாவோ எப்போதும் பிதா. அப்படியானால் குமாரனும் எப்போதும் இருக்க வேண்டும். அத்தனாசியுஸ் இப்படித்தான் வாதாடினார். நிசேயாவுக்கு உதவிக்குருவாய்ப் போன அவர் பிறகு அலெக்சாந்திரியாவின் பேராயரானார். இந்த விசுவாசத்தின் நிமித்தம் 5 முறை நாடுகடத்தப்பட்டு, ஏறக்குறைய 17 வருடம் சொந்த சபைக்கு வெளியே கழித்தார். ஞாயிறுதோறும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகும் வரிக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் அறிய வேண்டும். ஆவியானவரைப் பற்றிய பகுதி 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் விரிவானது.

கிறிஸ்து: பலகையின் வலப்பக்கம்

இப்போது கோட்டுக்கு வலப்பக்கம் எழுதுங்கள்:

கிறிஸ்து. யார்? ஒருவர். எது? இரண்டு.

இடப்பக்கத்துக்கு நேர் எதிராக இருப்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். ஒரே ஆள், தேவகுமாரன். தன்மை இரண்டு, தேவத்தன்மையும் மனிதத்தன்மையும். இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு வாரம் கொடுங்கள்.

மாற்கு 4ஐ நடித்துக் காட்டச் சொல்லுவேன். ஆண்டவர் கப்பலின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அசதி. சீஷர்கள் எழுப்புகிறார்கள். அதே ஆள் எழுந்து கடலைப் பார்த்து, “இரையாதே, அமைதலாயிரு” என்கிறார். தூங்கியவர் ஒருவர், அதட்டியவர் இன்னொருவர் அல்ல.

பிள்ளைகளிடம் மிக அதிகமாக நான் காணும் தவறு, ‘உடம்புதான் மனுஷன், உள்ளே இருந்தது கடவுள்’ என்பது. நல்ல பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகளே இப்படிச் சொல்கிறார்கள். இது 4ஆம் நூற்றாண்டில் அப்பொலினாரியுஸ் என்ற பேராயர் போதித்தது. மனித மனமும் ஆத்துமாவும் இல்லாதவர் எப்படி “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று சொல்ல முடியும்? லூக்கா 2:52 அவர் ஞானத்திலும் வளர்த்தியிலும் விருத்தியடைந்தார் என்கிறதே? நசியான்சுவின் கிரிகோரி (முன்பு சொன்ன நீசாவின் கிரிகோரி அல்ல, வேறொருவர்) இதற்கு எழுதிய பதிலைப் பிள்ளைகளின் நோட்டில் எழுத வைப்பேன்: அவர் எடுத்துக்கொள்ளாதது குணமாக்கப்படவில்லை. நம் பயமும் குழப்பமும் இருப்பது மனதில்தான். மனதை அவர் எடுத்துக்கொள்ளவில்லையென்றால் பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைக்கு அவரிடம் என்ன இருக்கிறது?

451இல் கல்சேதோனில் கூடிய பேராயர்களின் சங்கம் நான்கு சொற்களால் வேலி கட்டியது. அந்த இடம் இன்று இஸ்தான்புல்லின் ஒரு பகுதி. கலவாமல், மாறாமல், பிரியாமல், விலகாமல். நான்கையும் தாளம் போட்டுச் சொல்ல வைத்துவிட்டு, நான் ஒரு தவறான வாக்கியம் சொல்வேன். எந்த வேலி உடைந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும். “இயேசு பாதி தேவன், பாதி மனிதன்.” கலவாமல்! “பூமிக்கு வரும்போது தேவத்தன்மையை விட்டுவிட்டு மனிதனாக மாறிவிட்டார்.” மாறாமல்! “பசித்தது இயேசு என்ற மனிதனுக்கு, அப்பத்தைப் பெருக்கியது அவருக்குள் இருந்த இன்னொருவர்.” பிரியாமல்! “பரலோகத்துக்குப் போனதும் மனித உடம்பைக் கழற்றிவிட்டார்.” விலகாமல்! கடைசியது பிள்ளைகளைத் திகைக்க வைக்கும். மனுஷாவதாரம் என்ற சொல்லை நாம் பயன்படுத்துவதால், அவதாரம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உயிர்த்தெழுந்தவர் பொரித்த மீன்கண்டத்தை வாங்கிச் சாப்பிட்டதை லூக்கா 24இல் காட்டுங்கள். இன்றைக்கும் அவர் மனிதர். தழும்புள்ள கைகள் அவருக்கு இருக்கின்றன.

‘தேவமாதா’ என்று கத்தோலிக்கர் சொல்வது சரியா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நம் சபைப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லில் கூச்சம் உண்டு. பலகையைக் காட்டுங்கள். மரியாள் பெற்றது யாரை? தன்மையை யாரும் பெறுவதில்லை, ஆளைத்தான் பெறுகிறோம். அந்த ஆள் தேவகுமாரன். 431இல் எபேசு சங்கம், மரியாளை அப்படி அழைப்பதை எதிர்த்த பேராயர் நெஸ்தோரியுஸை மறுத்து அந்தப் பட்டத்தைக் காத்தது குழந்தை யார் என்பதற்காகவே.

கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் உறவுகள் உள்ள வீட்டுப் பிள்ளை இருந்தால் கவனமாகப் பேசுங்கள். அவர்கள் சபை கல்சேதோனின் சொற்களை ஏற்றதில்லை; ஆனால் கிறிஸ்துவை முழுத் தேவன், முழு மனிதன் என்றே அறிக்கையிடுகிறது. 1984இல் அந்தச் சபையின் முதற்பேராயர் முதலாம் சாக்காவும் போப் இரண்டாம் யோவான் பவுலும் இதைச் சேர்ந்தே அறிக்கையிட்டார்கள்.

நான் தவறாகச் சொன்ன ஒரு பதில்

சில வருடங்களுக்கு முன் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அவள் அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வகுப்பில் பேசவே மாட்டாள். ஐந்தாம் வாரம் அவள் கேட்டாள்: “சிலுவையில வலிச்சது தேவனுக்கா மனுஷனுக்கா டீச்சர்?”

“தேவனுக்கு வலிக்காது. மனிதத்தன்மைக்குத்தான் வலிச்சுது” என்றேன்.

“அப்போ தேவன் சும்மா பாத்துக்கிட்டு இருந்தாரா?”

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. வேலியை நானே உடைத்திருந்தேன். ‘எது’ என்று கேட்கக்கூடாத இடத்தில் எதுவைச் சொல்லியிருந்தேன். வலி தன்மைக்கு வருவதில்லை, ஆளுக்கு வருகிறது. என் கால் வலிக்கும்போது காலுக்கா வலிக்கிறது, எனக்கல்லவா? சிலுவையில் வலித்தது யாருக்கு? தேவகுமாரனுக்கு. எதில் வலித்தது? அவர் நமக்காக எடுத்துக்கொண்ட மனித உடம்பிலும் ஆத்துமாவிலும். “மகிமையின் கர்த்தரை” சிலுவையில் அறைந்தார்கள் என்றே பவுல் 1 கொரிந்தியர் 2:8இல் எழுதுகிறார். மாம்சத்தில் சிலுவையில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவர் என்று 553இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கமும் அறிக்கையிட்டது. தேவத்தன்மை தன்னளவில் காயப்படாது என்பதும் மெய். ஆனால் காயப்பட்டவர் தேவன் அல்லாத யாரோ அல்ல.

அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன்னே அவளை அழைத்து, போன வாரம் நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு, பலகையின் வலப்பக்கத்தைக் காட்டி இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ அவருக்கே வலிச்சிருக்கு” என்றாள். ஆமாம் என்றேன்.

ஆகவே ஐந்தாம் வாரத்தில் புதிதாக எதையும் நடத்தாதீர்கள். பலகையில் இரண்டு பக்கத்தையும் எழுதி வைத்துவிட்டு, முக்கால் மணி நேரமும் பிள்ளைகள் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள். பேராயர் கை வைக்கும் நாளுக்கு முந்தின ஞாயிறு, ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி அவர்களை நிறுத்தி, விசுவாசப் பிரமாணத்தை மெதுவாக, வரிக்கு வரி நிறுத்திச் சொல்ல வையுங்கள். எங்கள் வகுப்பில் அதற்கு இருபது நிமிடம் ஆகும்.